அண்ணி பேரில் விழுந்த சீட்டு

மேடத்துக்கு மொழிபெயர்க்க மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். ஒருத்தர் ஆரம்பாக்கம், ஒருத்தர் பழவேற்காடு, ஒருத்தர் ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திரா. சந்தோஷம். அந்த வேலையை நாலு வருடம் நான் ஒற்றை ஆளாகப் பார்த்தேன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். வயது இருபத்துநாலு. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். எப்படி மொழிபெயர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு நான் படிக்கவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எப்படிச் செய்யக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

பதினைந்து வயதில் மும்பைப் பக்கம் ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் உடைக்கப் போனேன். ஐந்து வருடத்தில் கை காய்த்துப் போனது, இந்தி வந்தது. ஊருக்குத் திரும்பிய நேரத்தில், இந்தி தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்று மேடம் தேடிக்கொண்டு வந்தார்கள். வடக்கே பிறந்தவர். சென்னையில் ஒரு சட்டக் கல்லூரியில் பேராசிரியர். அப்போது அவருக்குத் தமிழில் தெரிந்தது மூன்றுதான்: சாப்டாச்சா, போதும், ரொம்பக் காரம்.

ஒரே விஷயத்துக்கு ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் என்ன சொல்கிறது, நாடுகள் தங்களுக்குள் என்ன பேசி வைத்திருக்கின்றன, இதில் எது நியாயம், எது அநியாயம். இதுதான் அவர் படிப்பு. கடலையும் ஏரியையும் மனிதர்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் எங்கள் பக்கம் வந்தார்கள். வேலையில் சேர்ந்த அன்று என் அண்ணன் கேட்டான்.

"இன்னாடா வேல அது?"

"நாட்டு நாட்டு சட்டத்த பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாப்பாங்கண்ணா."

"பொண்ணு பாக்கற மாரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப நம்ம ஏரி சட்டத்தையும் பாக்கச் சொல்லு. வயசு கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா கொணம் நல்லா கீதுன்னு சொல்லு."

அதைச் சொன்னபோது மேடம் வாய்விட்டுச் சிரித்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் முதலில் எழுதியது என் அண்ணன் பேச்சைத்தான். அவன் இப்போது இல்லை. பத்து மாதம் ஆகிறது. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. இதை எழுதும்போது நடுவில் ஒரு முறை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் மாதமே பெரிய தப்பு ஒன்று செய்தேன். யாரிடம் பேசினாலும் முதலில் ஒரு சம்மதத் தாளை வாசிக்க வேண்டும். அதில், "நீங்கள் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் பாதியில் எழுந்து போகலாம்" என்று ஒரு வரி வரும். முருகன் மாமாவிடம் அதை வாசித்தேன். அவர் உடனே எழுந்து, "அப்ப வரட்டா?" என்று போய்விட்டார். பத்தடி தள்ளி உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்தபடியே, "கேளுடா, காது கேக்குது" என்று கத்தினார். எல்லாக் கேள்விக்கும் அங்கிருந்தே பதில் சொன்னார். இது தப்பு இல்லை, இது தமாஷ். தப்பு அடுத்தது. "ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்கள் ஏன் பேசுவதில்லை என்று கேள்" என்றார்கள் மேடம். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. "வூட்ல பொம்பளைங்க எல்லாம் நல்லா கீறாங்களா மாமா?" என்று கேட்டேன். "நல்லா கீறாங்க" என்றார். அதை நான் ஏதோ ஒரு காரணம் போல இந்தியில் நீட்டிச் சொன்னேன். மேடம் அரைப்பக்கம் எழுதினார்கள்.

மேடம் போனில் பதிவு செய்திருந்ததைச் சென்னையில் அவருடைய தமிழ் மாணவி ஒருத்தி கேட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். மேடம் கோபப்படவில்லை. "உனக்குக் கேட்க வெட்கமா இருந்தா, வெட்கமா இருக்குன்னு என்கிட்ட சொல்லு. அவர்கிட்ட வேற கேள்வி கேக்காதே" என்றார்கள். நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டியது எந்த அளவுக்கு உதவியது என்பதுதான் மீதிக் கதை.

எங்கள் குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில், லைட்ஹவுஸ் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. பெயர் எழுதவில்லை. எழுதினால் பஞ்சாயத்துத் தலைவர் என்னைத் தேடி வருவார். ஏரியில் கழி நட்டு, வலை கட்டி, இறாலுக்கு நிற்கிற இடமும் முறையும் எங்களுக்குப் பாடு. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதைச் சீசன் தொடங்கும்போது அம்மன் கோயில் வாசலில் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். கல்யாணம் ஆன ஆண் பெயர்தான் குடத்தில் விழும். அவனைத் தலைக்கட்டு என்போம். அம்மன் முன்னால் போட்ட பாடு சீட்டை யாரும் மாற்ற முடியாது. சீட்டை எடுக்கிறவன் பெயர் குடத்தில் இருக்கக் கூடாது. ஊருக்குத் திரும்பியதிலிருந்து எங்கள் ஊரில் சீட்டு எடுப்பது நான்தான். கல்யாணம் ஆகாதவன், பாடு இல்லாதவன், கை சுத்தம்.

அண்ணன் போனதும் அவன் தலைக்கட்டும் போனது, பாடும் போனது. மகன் இருந்தால் அவன் வளரும் வரை இடம் காத்திருக்கும். அண்ணிக்கு ரெண்டும் பெண் பிள்ளைகள். அடுத்தவர் வலை இறாலை ஏலத்தில் எடுத்துப் பழவேற்காடு மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பதுதான் அவள் பிழைப்பு என்று ஆனது. அண்ணன் வலையை மட்டும் எலி கடிக்காமல் உத்தரத்தில் கட்டி வைத்திருந்தாள். "அத வித்துடேன் அண்ணி" என்று ஒரு முறை சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த நிலைமையில்தான் மேடம் சொன்னார்கள்: "இந்த ஊரில் பன்னிரண்டு வீட்டில் நீளமாகப் பேச வேண்டும். எந்த வீடு என்று நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும்."

"சீட்டுப் போட்டுடலாம் மேடம். எங்க ஊர்ல எதுக்கும் சீட்டுதான்" என்றேன்.

மேடத்துக்கு ஒரே சந்தோஷம். ஊர் முறையிலேயே ஆராய்ச்சி! தலைக்கட்டு இல்லாத வீடுகளை விட்டுவிடக் கூடாது என்று அவர் கல்லூரியின் அறநெறிக் குழு கட்டாயமாகச் சொல்லியிருந்தது. அதனால் எல்லா வீட்டுப் பெயரும் எழுதினோம். அண்ணி வீட்டுச் சீட்டில் 'அஞ்சலை' என்று நானே எழுதினேன்.

இப்போது என் புத்தியைப் பாருங்கள். இறால் வரத்துத் தொடங்குகிற நேரம். சீசன் சீட்டு எப்போது என்று ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் கண் ஆபரேஷனுக்குச் சென்னை போயிருந்தார். அதே அம்மன் கோயில் வாசல், அதே பித்தளைக் குடம், எடுக்கிறவன் அதே நான். சீசன் சீட்டிலும் முதல் சுற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். பன்னிரண்டு என்று மேடம் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இது ஆராய்ச்சிக்காக என்று மேடம் பேசினார்கள், நானும் மைக்கில் தமிழில் சொன்னேன். குடத்தைப் பார்த்த கூட்டம் பேச்சைக் கேட்குமா? முதல் சீட்டு எடுத்தேன், கைதட்டினார்கள். ஆராய்ச்சி என்றால் எங்கள் ஜனத்துக்கு இவ்வளவு ஆர்வமா என்று மேடம் என்னைப் பார்த்தார்கள். நானும் பெருமையாகத் தலையசைத்தேன். பதினோராவது சீட்டைப் பிரித்து, "அஞ்சலை" என்று வாசித்தேன். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கேள்வித் தாள்களோடு போனோம். முதல் வீடு பூட்டு. இரண்டாவது வீடு பூட்டு. ஐந்தாவது வீட்டுப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு விஷயம் உறைத்தது. மேடத்தை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு ஓடினேன்.

பன்னிரண்டு வீடும் தண்ணீரில் இருந்தது.

அண்ணியும் அவள் தங்கச்சியும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். அண்ணி புடவைக்கு மேல் அண்ணன் சட்டை போட்டிருந்தாள். உத்தரத்தில் கிடந்த வலை தண்ணீரில் விரிந்திருந்தது. பக்கத்து இடம் முருகன் மாமாவுக்கு. அவர் தன் கழியை நாலடி தள்ளி நட்டு அண்ணிக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மா, நீரோட்டத்துக்கு முதுக காட்டி வலைய வெச்சா இறாலு உன்ன வெசாரிச்சிக்கினா வரும்? இப்பிடித் திருப்பு" என்று சத்தம் போட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "இன்னாடா மரம் மாரி நிக்கிற? எறங்கி கழியப் புடி!"

எட்டு மாதத்துக்குப் பிறகு அண்ணி என்னை அதட்டினாள். எங்கள் வீட்டில் அதட்டல் என்றால் எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். அண்ணன் போன நாளிலிருந்து என்னிடம் "சாப்புடுப்பா", "படுப்பா" என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த மெதுவான பேச்சு என்னைக் கொன்றது. கேள்வித் தாள்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிக் கழியைப் பிடித்தேன். இது பாடு சீட்டு இல்லை அண்ணி என்று சொல்ல அப்போது ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. நனைந்த தாள்களோடு திரும்பி, "எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க மேடம், நாளைக்கு வரலாம்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். இந்தச் சீட்டு விஷயத்தில் என் முதல் பொய் சொல்லாமல் விட்டதுதான் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் நாள் சீட்டு விழாத வீடுகள் கரைக்கு வந்து சத்தம் போட்டன. தலைவர் இல்லாமல் சீசன் சீட்டு எப்படி? அன்றைக்கே தலைவர் கறுப்புக் கண்ணாடியோடு சென்னையிலிருந்து வந்து இறங்கினார். சாயங்காலம் பஞ்சாயத்து, மேடமும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அப்போதுதான் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் அப்படியே ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நம்மால ஒரு ஊர் அடிச்சுக்கப் போகுதா?"

"நீங்க இன்னா சொல்லப் போறீங்க மேடம்?"

"நடந்ததை. மன்னிப்புக் கேப்பேன்."

"அண்ணி பாடு?"

"அது என்கிட்ட இல்லையே. என்கிட்ட இல்லாததை நான் எப்படிக் குடுப்பேன்?" என்றார்கள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உங்களுக்கு என்ன, புத்தகம் எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள் என்று கத்தினேன். அங்கிருந்து கோயில் வரை நடந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. மேடம் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். ஊரில் இந்தி தெரிந்தவன் நான் ஒருத்தன்.

தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "ஒரு வாரம் கண்ண மூடிக்கினு இருன்னான் டாக்டரு. அதுக்குள்ள எத்தினி கூத்துடா" என்றார். பிறகு, "கேள்வி ஒண்ணே ஒண்ணு. அம்மன் முன்னால அந்தச் சீட்டு பாடுன்னு சொல்லிப் போட்டதா, இல்லியா? மேடத்தக் கேட்டுச் சொல்லு. பாடுன்னா நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

கேட்டேன். மேடம் எழுந்து நின்று பேசினார்கள். அந்தச் சீட்டு தன் ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்றும், இந்த ஊரில் சீட்டுக்கு என்ன மதிப்பு என்று விசாரிக்காமல் செய்தது தன்னுடைய தப்பு என்றும், யாருக்கும் அதனால் பாடு கிடைக்கவும் இல்லை, போகவும் இல்லை என்றும் சொன்னார்கள். அவ்வளவும் இந்தியில். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஊரே என்னைப் பார்த்தது. அண்ணி பின்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்த்தாள்.

"பாடுன்னுதான் போட்டாங்களாம் சித்தப்பா" என்றேன்.

பன்னிரண்டு வீட்டாரும் ஓ என்று கத்தினார்கள். விசில் பறந்தது. முருகன் மாமா துண்டை வீசினார். இதைப் பார்த்த மேடம் என்ன நினைத்தார்கள் தெரியுமா? தன்னை ஊர் மன்னித்துவிட்டது என்று. கண் கலங்கிவிட்டது. நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்கள். "எவ்வளவு பெரிய தப்பு, எவ்வளவு சீக்கிரம் மன்னிச்சுட்டாங்க! எத்தனையோ நாட்டில் எத்தனையோ பஞ்சாயத்து பார்த்திருக்கேன், இப்படி ஒரு ஊரைப் பார்த்ததில்லை. அதைச் சொல்லு, சொல்லு" என்று என் முழங்கையை இடித்தார்கள்.

எப்படிச் சொல்ல? தலைவரும், "இன்னாடா சொல்றாங்க, சந்தோசமா கீறாங்களே" என்கிறார். ஒரு பொய்யை நான் மட்டும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அதை மேடத்தின் வாயில் வைத்துவிட்டேன், அவர்களோ அதற்கு நன்றி சொல்லிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என் கால் தானாக ஓரடி முன்னால் போனது.

"சித்தப்பா, நான் பொய் சொன்னேன். அவங்க சொன்னது வேற."

மேடம் சொன்னதை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கடைசி வரிக்கு முன்பே ஒரு செருப்பு பறந்து வந்தது. எனக்கு வைத்த குறி தப்பித் தலைவர் நாற்காலிக் காலில் பட்டது. "இந்தி தெரியாதுன்னு எங்கள டபாய்க்கிறியாடா பேமானி!" என்று யாரோ கத்தினார்கள். "அண்ணிக்கு பாடு வாங்கித் தர வந்துட்டான், நல்லவன்!" என்று இன்னொரு குரல். நான் அண்ணி பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. என்ன ஆச்சு என்று மேடம் கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

அண்ணி எழுந்தாள். கூந்தலை முடிந்துகொண்டே நடுவில் வந்து நின்றாள்.

"சீட்டு பொய்யாவே இருக்கட்டும் மாமா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எம் பேர வாசிச்சப்ப எல்லாரும் கை தட்டுனீங்களே. பொம்பள பேரு எப்பிடி வரும்னு ஒருத்தர் கேட்டீங்களா? முருகண்ணன் கழியப் புடுங்கி தள்ளி நட்டு எனக்கு எடம் வுட்டாரு. மூணு நாளு தண்ணில நின்னேன், யாராச்சும் வெளிய போன்னு சொன்னீங்களா? இன்னிக்கி வந்து கத்துறவங்க கூட சீட்டு தப்புன்னு கத்துறாங்க, அஞ்சல தப்புன்னு யாரும் கத்தல. அப்ப எனக்குப் பாடு உண்டுன்னு உங்க மனசுல கீது. வாயிலதான் வரல."

முருகன் மாமா மட்டும், "நா இன்னா பண்றது, கை தானா புடுங்கி நட்டுச்சி" என்றார். கூட்டம் சிரித்தது.

இதை மேடத்துக்குச் சொன்னேன், இந்த முறை சரியாக. அவர்கள் கண் விரிந்தது. எழுதி வைக்காமலே நாடுகள் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டு நடக்கிற விஷயங்கள் உண்டாம். எல்லோரும் செய்கிறார்கள், செய்ய வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைக்கவும் செய்கிறார்கள் என்றால் அதுவும் சட்டம்தானாம். அவர் புத்தகங்களில் அதற்குப் பெரிய அத்தியாயமே உண்டாம். "சொல்லட்டுமா மேடம்?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்கள். "அவங்களே சொல்லிட்டாங்க. நான் சொன்னா என் புத்தகம் பேசின மாதிரி ஆயிடும். உட்காரு." பேசத் தெரிந்தவர்கள் பேசாமல் இருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தலைவர் தாடையைத் தடவினார். "அஞ்சல, சண்ட வாணாம். இவனுக்கு ஒரு பொண்ணப் பாத்து கல்யாணத்த முடி. தலைக்கட்டு ஆயிடுவான். உம் புருசன் பாட இவன் பேருக்கு எழுதிடறேன். வூட்ட வுட்டு எங்கியும் போவாது."

எல்லோரும் சரி என்றார்கள். யாரோ பின்னாலிருந்து, "பொண்ண எதுக்கு வெளிய தேடணும்..." என்று இழுத்தார்கள். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவனையா? இவனுக்கு சோறாக்கிப் போட்டே எங் கை தேஞ்சி போச்சி. ஆள வுடுங்க" என்றாள். செருப்பு வீசியவர்கூடச் சிரித்துவிட்டார்.

எனக்கு அந்தப் பாடு மேல் ஆசை வந்தது. உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அண்ணன் நின்ற இடத்தில் நிற்கலாம். பெண் கொடுக்க வருவார்கள். ஆனால் ஒன்று யோசித்தேன். பாடு என் பெயரில் வந்தால் எனக்குப் பொண்டாட்டி வருவாள், பிள்ளை வரும். அண்ணியும் ரெண்டு பெண்களும் என் தயவில் நிற்பார்கள். இன்றைக்கு என் தயவு நல்ல தயவுதான். பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்குமா? அரைமணி நேரத்துக்கு முன்னால் ஊரையே ஏமாற்றப் பார்த்த ஆள் நான். என்னை நம்பி யாரையும் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"எனக்கு வாணாம் சித்தப்பா. எழுதறதுன்னா அண்ணி பேர எழுதுங்க."

"யோசிச்சிச் சொல்றியா?"

"யோசிச்சா ஆச வந்துரும். இப்பவே எழுதிடுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "போடு மாமா, டாக்டரு திட்டுவாரு" என்று கூட்டம் கத்தியது. மறுபடி மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். நடந்த சீட்டு செல்லாது. புதிதாகச் சீசன் சீட்டு நடக்கும். அதில் அஞ்சலை பெயரும் விழும், ஆனால் இந்த ஒரு சீசனுக்கு மட்டும். அடுத்த சீசனுக்கு மறுபடி பேசுவோம். கழி நட, வலை கட்ட வீட்டு ஆள் ஒருத்தன் சீசன் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும்.

"இருக்கட்டும்" என்றாள் அண்ணி. "ஆனா நா சொல்றதக் கேட்டுக்கினு இருக்கணும்." என் ரிட்டயர்மென்ட் அங்கேதான் முடிவானது.

பஞ்சாயத்து கலைந்த பிறகு பஸ் ஸ்டாண்டில் மேடத்திடம் என் பொய்யைச் சொன்னேன். துறைமுகத்தில் கற்ற இந்தி. அதில் திட்டுவதற்கு வார்த்தைகள் ஏராளம், மன்னிப்புக்கு மிகவும் பஞ்சம். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். பொன்னேரி பஸ் ஒன்று வந்து போனது. மேடம் ஏறவில்லை.

"நீ ரெண்டாவது சொன்னது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள்.

செருப்படி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பஞ்சாயத்துப் பேச்சு அவர் போனில் பதிவாகியிருந்தது. சென்னை மாணவியிடம் கொடுத்து ஒரு வரி விடாமல் சரிபார்த்தார்கள். சரியாக இருந்தது. அவர்கள் புத்தகத்தில் இந்தச் சீட்டுக் கதையை முழுதாக, தன் தப்பை முதலிலும் என் தப்பை இரண்டாவதாகவும் வைத்து எழுதப்போகிறார்களாம். பெயர் போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நீங்கள் வேலைக்குப் போகும்போது உங்கள் முன்னால் ஒரு சின்ன ரெக்கார்டரை வைப்பார்கள். மனம் வருத்தப்படாதீர்கள். அந்தச் சந்தேகம் உங்கள் மேல் இல்லை, என் மேல்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஏரியைச் சுற்றி எல்லோரும் நமக்கு மாமன் மச்சான்தான். நம் வீட்டு ஆளுக்குக் கெடுதலாக ஒரு வார்த்தையை மேடம் சொல்வார்கள், அதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது உங்கள் வீட்டு ஆளைக் கொஞ்சம் நம்புங்கள். அண்ணிக்காக நான் பொய் சொன்னபோது, அவளுக்குச் சொந்தமாக ஒரு நியாயம் இருக்கும், அதை அவளே பேசுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பொய் நின்றிருந்தால் அவள் எழுந்து பேசியிருக்கவே மாட்டாள்.

புதுச் சீட்டன்று, பொய் சொன்னவன் கை இனிச் சுத்தம் இல்லை என்பதால் நான் எடுக்கக் கூடாது என்று ஆனது. யார் எடுப்பது? ஊரில் எல்லோருக்கும் ஏதோ ஒரு பங்கு இருந்தது. "மேடம் எடுக்கட்டும், அவங்களுக்குத்தான் இங்க ஒண்ணும் இல்ல" என்றார் தலைவர். மேடம் எடுத்தார்கள். அண்ணி பெயர் கடைசிக்கு முந்தியதாக வந்தது. நல்ல நாளும் இல்லை, நல்ல இடமும் இல்லை. அண்ணி காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டதில் தாளே கிழிந்தது.

ஆராய்ச்சிக்கான பன்னிரண்டு வீட்டை மேடம் விடவில்லை. ஒவ்வொரு வீடாகப் பேசி முடித்தோம். அண்ணி வீட்டுக்கு அவர்கள் கேள்வித் தாளோடு வந்து நின்றது சரியாக அந்தத் தேதியில், விடிகிற நேரத்தில். வாசலில் நான் கழிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"சொல்லுடா. இன்னிக்கு எம் பாடு. பேச நேரமில்ல. நாளைக்கி வரச் சொல்லு."

இந்தியில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை, தயவுசெய்து என்றுகூடச் சேர்க்கவில்லை. மேடம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வழிவிட்டு நின்றார்கள்.

கழிக்கட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணி பின்னால் தண்ணீரில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று முழங்காலைத் தொட்டது.

"பையப் போடா எரும" என்றாள் அண்ணி, திரும்பிப் பார்க்காமல். "இறாலு பயந்து ஓடிடப் போவுது."